பெனிசிலின் முதலில் சென்ற இடம்: அலெக்சாண்டர் ஃபிளெமிங்கின் வாழ்வும் நாட்பட்ட சைனஸ் நோயும்

உங்களுக்கோ உங்கள் குடும்பத்தினர் ஒருவருக்கோ நாட்பட்ட சைனஸ் அழற்சி இருப்பதாக மருத்துவர் கூறியிருந்தால், இரண்டு கேள்விகள் உங்கள் மனத்தில் எழுவது இயல்பு. ஆற்றல் மிக்க ஆன்டிபயாடிக் மருந்து ஒன்றைக் கொடுத்து இதனை ஒரேயடியாகத் தீர்த்துவிட இயலாதா என்பது முதல் கேள்வி. அறுவை சிகிச்சை செய்துகொண்டால் நோய் மீண்டும் வாராதா என்பது அடுத்தது. இவ்விரண்டிற்கும் விடை காண, பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்கின் வாழ்க்கை வரலாறு பெரிதும் துணைபுரியும். பெனிசிலினை மனிதரிடம் பயன்படுத்திப் பார்த்த முதல் முயற்சிகளுள் ஒன்று, சைனஸ் அழற்சியால் அவதியுற்ற ஒருவரிடமே நடைபெற்றது என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

இளமைக் காலம்

ஃபிளெமிங் 1881 ஆகஸ்ட் 6 அன்று ஸ்காட்லாந்தின் அயர்ஷயர் பகுதியில், டார்வெல் என்னும் ஊருக்கு அருகிலுள்ள ஒரு பண்ணை வீட்டில் பிறந்தார். தந்தை ஹ்யூ ஓர் உழவர். ஃபிளெமிங்கிற்கு ஏழு வயதானபோது அவர் காலமானார். பள்ளி நாள்களில் ஒரு முறை, வேகமாக ஓடிய சிறுவன் ஃபிளெமிங் எதிரே வந்த மற்றொரு சிறுவன்மீது மோதினான். மூக்கு எலும்பு முறிந்தது. பின்னாளில் நீங்கள் காணும் அவருடைய படங்களில், குத்துச்சண்டை வீரரைப் போன்ற தட்டையான மூக்கு இருப்பதற்கு அதுவே காரணம். மூக்கின் நீரிலிருந்து தம் முதல் பெரிய கண்டுபிடிப்பைச் செய்தவருக்கு இப்படியொரு மூக்கு அமைந்தது!

பதின்மூன்று வயதளவில் லண்டன் சென்று, படிப்பை முடித்து, கப்பல் நிறுவன அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சில ஆண்டுகள் பணியாற்றினார். உறவினர் ஒருவரின் சொத்தில் கிடைத்த பங்கும், மருத்துவராயிருந்த மூத்த சகோதரரின் அறிவுரையும் அவரை மருத்துவப் படிப்பின் பக்கம் திருப்பின. 1901 ஆம் ஆண்டில் புனித மேரி மருத்துவமனையின் மருத்துவப் பள்ளியில் சேர்ந்து, 1906 இல் சிறப்பாகத் தேர்ச்சி பெற்றார். துப்பாக்கி சுடுவதில் வல்லவராயிருந்தமையால் மருத்துவமனையின் துப்பாக்கிச் சங்கத்தார் அவரை விட மனமின்றி, ஆல்ம்ராத் ரைட் என்னும் அறிஞரின் ஆய்வுப் பிரிவில் இடம் கிடைக்கச் செய்தனர். வாழ்நாளின் பெரும் பகுதியை அவர் அங்கேயே கழித்தார்.

போர்க்களக் காயமும் சைனஸ் அறையும்

முதல் உலகப் போரின்போது ஃபிளெமிங், பிரான்சின் பூலோன் நகரில் அமைந்த இராணுவ மருத்துவ ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்தார். காயங்களுக்குள் கிருமிநாசினி திரவங்களை ஊற்றுவதே அக்கால வழக்கம். எனினும் ஆழமான காயங்களில் அவை பயன் தருவதற்கு மாறாகத் தீங்கே செய்வதை அவர் கவனித்தார். கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களை அத்திரவங்கள் அழித்தன. அதே வேளையில், காயத்தின் சந்து பொந்துகளில் ஒளிந்திருந்த கிருமிகளை அவை சென்றடையவில்லை.

இதனை மெய்ப்பிக்க அவர் கண்ணாடிக் குழாயின் சுவரிலிருந்து கூர்மையான வெற்றுக் கிளைகளை இழுத்து, ஒரு செயற்கைக் காயத்தை உருவாக்கினார். கிருமி கலந்த நீர்மத்தால் அதனை நிரப்பிக் காலிசெய்து, பிறகு கிருமிநாசினியை ஊற்றி வைத்தார். அதனையும் வெளியேற்றிவிட்டுப் புதிய நீர்மத்தை ஊற்றியபோது, கிளைகளுக்குள் தங்கியிருந்த கிருமிகள் மீண்டும் பெருகின.

இக்கண்ணாடிக் குழாயை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஏனெனில் உங்கள் முக எலும்புகளுக்குள்ளும் இதனை ஒத்த அமைப்பே உள்ளது. கன்னங்களிலும் நெற்றியிலும் கண்களுக்கு இடையிலும் மூக்கின் பின்புறத்திலும், இரு பக்கமும் காற்றறைகள் அமைந்துள்ளன. கண்களுக்கு இடையே உள்ளவை சிறு சிறு அறைகளின் தொகுதி ஆகும். ஒவ்வொரு காற்றறையும் மிகக் குறுகிய வாயில் வழியே மூக்கினுள் திறக்கிறது. அறையின் உட்சுவரை மூடியுள்ள சளிச்சவ்வில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் உள்ளன. அவை ஓயாது அசைந்து சளியை வாயிலை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வாமையாலோ தொற்றாலோ சளிச்சவ்வு வீங்கி அவ்வாயில் அடைபட்டால், சளி தேங்குகிறது. தேங்கிய சளியில் கிருமிகள் பெருகுகின்றன. அவை மேலும் வீக்கத்தை உண்டாக்குகின்றன. அடைபட்ட அறைக்குள் மருந்து எளிதில் சென்றடையாது என்பதே நாட்பட்ட சைனஸ் சிகிச்சையின் முதன்மையான சிக்கல்.

மூக்குச் சளியில் ஒரு பாதுகாப்பு

1921 ஆம் ஆண்டின் இறுதியில் ஃபிளெமிங்கிற்குச் சளி பிடித்தது. மற்றவர்கள் கைக்குட்டையில் துடைத்தெறிவதை அவர் ஆய்வுத் தட்டில் இட்டு வளர்த்துப் பார்த்தார். மஞ்சள் நிறக் கிருமி ஒன்று, சளி பட்ட இடத்தில் கரைந்து மறைவதைக் கண்டார். மனித உடலே சுரக்கும் ஒரு பொருள் கிருமியைக் கரைக்கிறது என்பது புதிய செய்தி. அப்பொருளுக்கு லைசோசைம் எனப் பெயரிடப்பட்டது. 1922 இல் அதுபற்றிய கட்டுரை வெளியாயிற்று. கண்ணீரிலும் உமிழ்நீரிலும் முட்டையின் வெண்கருவிலும்கூட அது இருப்பதை அவர் கண்டார். ஆய்வுக்கூடத்திற்கு வந்தவர்களின் கண்களில் எலுமிச்சைச் சாற்றை இட்டுக் கண்ணீர் சேகரித்த காலம் அது. பாவம், அவருடைய உதவியாளர்கள்!

லைசோசைம் கடும் நோய்களை உண்டாக்கும் கிருமிகளிடம் பெரிதாகச் செயல்படவில்லை. ஆகவே அது மருந்தாக வளரவில்லை. எனினும் நோயாளியாகிய உங்களுக்கு இக்கண்டுபிடிப்பில் ஒரு செய்தி உண்டு. மூக்குச் சளி என்பது வெறும் கழிவு அன்று; அது உடலின் காவல். அதனை முற்றிலும் உலர்த்திவிடுவது சிகிச்சையின் நோக்கமாகாது. தேங்காமல் ஓடச் செய்வதே நோக்கம். மருத்துவர் முதலில் உப்புநீரால் மூக்கைக் கழுவச் சொல்வது இதனால்தான். தேங்கிய சளியையும் ஒவ்வாமை தரும் துகள்களையும் அது அகற்றுகிறது. கழுவுவதற்குக் கொதிக்க வைத்து ஆறிய நீரையோ, வாலை வடித்த நீரையோ மட்டுமே பயன்படுத்துங்கள். குழாய் நீரையும் கிணற்று நீரையும் நேரடியாக மூக்கினுள் செலுத்துவது ஆபத்தானது. அரிதாயினும், மூளையைத் தாக்கும் அமீபா அவ்வழியே நுழையக்கூடும். கழுவும் குப்பியையும் ஒவ்வொரு முறையும் தூய்மை செய்து உலர்த்தி வையுங்கள்.

மூக்கடைப்பை நொடியில் நீக்கும் சொட்டு மருந்துகளைப் பற்றியும் இங்கே ஒரு சொல். அவற்றைச் சில நாள்களுக்கு மேல் தொடர்ந்து பயன்படுத்தினால், மருந்தின் ஆற்றல் தணிந்ததும் அடைப்பு முன்னிலும் மிகும். பல மாதங்களாகச் சொட்டு மருந்தின்றி உறங்க இயலாமல் இருப்பவர்கள் அதனை மருத்துவரிடம் தயங்காமல் கூற வேண்டும்.

1929 ஜனவரி 9

1928 செப்டம்பரில் விடுமுறை முடிந்து திரும்பிய ஃபிளெமிங், மேசைமேல் விட்டுச் சென்ற ஆய்வுத் தட்டு ஒன்றில் பூஞ்சை படிந்திருப்பதையும், அதனைச் சுற்றி ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிகள் அழிந்திருப்பதையும் கண்ட செய்தி நீங்கள் பாடநூலில் படித்ததே. அதன்பின் நடந்தது அவ்வளவாக அறியப்படாதது.

அவருடைய உதவியாளரான ஸ்டூவர்ட் கிராடாக் என்னும் இளம் மருத்துவர் சைனஸ் அழற்சியால் நெடுநாள் துன்புற்றவர். 1929 ஜனவரி 9 அன்று, அவருடைய கன்ன எலும்புக் காற்றறைக்குள் பூஞ்சை வளர்ந்த சாறு வடிகட்டிச் செலுத்தப்பட்டது. செலுத்துவதற்கு முன்பும் சில மணி நேரம் கழித்தும் எடுக்கப்பட்ட மாதிரிகள் ஒப்பிடப்பட்டன. ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிகள் ஏறத்தாழ முழுவதுமாக மறைந்திருந்தன. ஆனால் அதே அறையில் வாழ்ந்த ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சா என்னும் மற்றொரு கிருமியைப் பெனிசிலின் அழிக்கவில்லை. கிராடாக்கின் உடலுக்குத் தீங்கு நேரவில்லை. அவருடைய சைனஸ் நோயும் குணமாகவில்லை.

இம்முயற்சியைத் தோல்வி என்று ஒதுக்குவது பொருந்தாது. ஒரு கிருமியை வீழ்த்தும் மருந்து மற்றொன்றைத் தொடாமல் விடும் என்பதை அது ஒரே நாளில் காட்டிவிட்டது. அவ்வாண்டில் வெளியான தம் கட்டுரையில் ஃபிளெமிங், ஹீமோஃபிலஸைப் பிற கிருமிகளிடமிருந்து பிரித்து வளர்ப்பதற்குப் பெனிசிலின் பயன்படும் என்பதையே தலைப்பில் சிறப்பாகக் குறிப்பிட்டார். அதே ஹீமோஃபிலஸ் இன்றும் கடும் சைனஸ் தொற்றுக்கான முக்கியக் காரணங்களுள் ஒன்று. பெனிசிலினின் வழிவந்த அமாக்சிசிலின் அதன்மீது செயல்படக்கூடியது. மருந்தைச் சிதைக்கும் நொதியைச் சில கிருமிகள் சுரப்பதால், அதனுடன் கிளாவுலானிக் அமிலம் சேர்த்து வழங்கப்படுவதும் உண்டு. உங்கள் மருந்துச் சீட்டில் இவ்விரு பெயர்களும் இணைந்திருப்பதை நீங்கள் கண்டிருக்கலாம்.

ஆனால் ஒன்றை நன்கு புரிந்துகொள்ளுங்கள். நான்கு வாரங்களுக்குள் தீரும் கடும் சைனஸ் அழற்சி வேறு. பன்னிரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் நாட்பட்ட சைனஸ் அழற்சி வேறு. முன்னதில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் இன்றியே தீர்பவை. பின்னது, கிருமிகள் மட்டுமே காரணமான நோய் அன்று. சளிச்சவ்வின் நெடுநாள் அழற்சியே அதன் அடிப்படை. மூக்கடைப்பு, மூக்கிலோ தொண்டைப் பக்கமோ சளி வடிதல், முகத்தில் வலி அல்லது அழுத்தம், வாசனை உணர்வு குறைதல் ஆகியவற்றுள் இரண்டேனும் நீடித்து, எண்டோஸ்கோப்பிலோ சி.டி. ஸ்கேனிலோ சான்று தென்பட்டால் மட்டுமே இந்நோய் உறுதி செய்யப்படும். தலைவலி ஒன்றை மட்டும் வைத்துச் சைனஸ் என்று முடிவு செய்ய இயலாது. ஒற்றைத் தலைவலி உடைய பலர் அவ்வாறு தவறாகக் கருதுகின்றனர். ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும் துர்நாற்றமுள்ள சளி வடிந்தால், மேல் பல்லின் வேரில் தொற்று உள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.

ஆகவே நாட்பட்ட நோய்க்கு முதன்மையான மருந்து ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பான் ஆகும். அதன் பயன் தெரியப் பல வாரங்கள் ஆகலாம். தலையைச் சற்றுக் குனிந்து, தெளிப்பானின் முனையை மூக்கின் நடுச்சுவரை நோக்காமல் வெளிப்புறமாகத் திருப்பித் தெளிக்க வேண்டும். ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டு அஞ்சி நிறுத்திவிடுபவர் பலர். மூக்கில் தெளிக்கும் சிறிய அளவில் மிகக் குறைந்த பங்கே இரத்தத்தில் கலக்கிறது. ஸ்டீராய்டு மாத்திரைகளின் நிலை வேறு. அவை சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தக்கூடியவை. மருத்துவர் குறித்த நாள்களுக்கு மட்டுமே உட்கொள்ள வேண்டியவை.

மருந்து தீர்ந்துபோனபோது

ஃபிளெமிங்கும் அவருடைய உதவியாளர்களும் பெனிசிலினைத் தூய்மையாகப் பிரித்தெடுக்க முயன்றனர். அது விரைவில் சிதைந்துவிடும் பொருளாக இருந்தமையால் முயற்சி நிறைவேறவில்லை. பத்தாண்டுகள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃபுளோரி, எர்ன்ஸ்ட் செயின், நார்மன் ஹீட்லி ஆகியோர் அப்பணியை முடித்தனர். இன்று பலரும் ஃபிளெமிங்கின் பெயரை மட்டும் கூறுவது ஆக்ஸ்ஃபோர்டு குழுவினருக்கு இழைக்கும் அநீதியாகும்.

1941 பிப்ரவரியில், முகத்தில் தொடங்கிப் பரவிய கடும் தொற்றால் ஒரு கண்ணை இழந்திருந்த ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்னும் காவலருக்கு அக்குழுவினர் பெனிசிலின் செலுத்தினர். சில நாள்களில் காய்ச்சல் தணிந்தது. அவர் உணவு உண்ணத் தொடங்கினார். கையிருப்பில் இருந்த மருந்தோ மிகக் குறைவு. அவருடைய சிறுநீரிலிருந்து பெனிசிலினை மீட்டெடுத்து மீண்டும் செலுத்தியும் அது போதவில்லை. மருந்து தீர்ந்தது, தொற்று திரும்பியது. மார்ச் 15 அன்று அவர் இறந்தார்.

1942 இல் ஃபிளெமிங்கிற்கு அறிமுகமான ஒருவர் மூளைச்சவ்வு அழற்சியால் இறக்கும் தறுவாயில் இருந்தார். ஃபுளோரி தம்மிடமிருந்த பெனிசிலினைக் கொடுத்துதவினார். ஃபிளெமிங் அதனை முதுகுத்தண்டின் நீர்மத்திற்குள் செலுத்தினார். நோயாளி பிழைத்தார். சைனஸ் தொற்றும் அரிதாக மூளைச்சவ்வுக்கோ கண்குழிக்கோ பரவக்கூடும். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்குதல் அல்லது பொருள்கள் இரண்டாகத் தெரிதல், கடும் காய்ச்சலுடன் கழுத்து விறைத்தல், இதுவரை கண்டிராத தலைவலி, குழப்பமான பேச்சு ஆகியவற்றுள் எது தோன்றினும், மறுநாள் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சர்க்கரை நோய் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு மூக்கிலிருந்து கருமையான நீர் வடிதல், கன்னம் மரத்துப்போதல் ஆகியவை கருப்புப் பூஞ்சை நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். ஒரு பூஞ்சையிடமிருந்து கிடைத்த பெனிசிலின், அந்தப் பூஞ்சையிடம் ஒன்றும் செய்யாது.

1945 ஆம் ஆண்டின் எச்சரிக்கை

1945 இல் ஃபிளெமிங், ஃபுளோரி, செயின் மூவருக்கும் மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் ஆற்றிய பரிசுப் பேருரையில் ஃபிளெமிங் தம் மருந்தின் புகழைப் பாடி நிறுத்திக்கொள்ளவில்லை. கற்பனையான ஒருவரைப் பற்றி அவையினருக்கு எடுத்துரைத்தார். அம்மனிதர் தொண்டை வலிக்குத் தாமாகவே பெனிசிலினை வாங்கி, போதாத அளவில் உட்கொள்கிறார். கிருமிகள் சாகாமல் மருந்தைத் தாங்கப் பழகிக்கொள்கின்றன. அவை அவர் மனைவிக்குத் தொற்றி, நிமோனியாவாக மாறுகின்றன. பெனிசிலின் பயன்படாமல் மனைவி இறந்துபோகிறார். அந்த இறப்புக்குக் கணவரே பொறுப்பு என்பது ஃபிளெமிங்கின் முடிவு. பெனிசிலின் மருந்துக் கடைகளில் பரவலாகக் கிடைக்கத் தொடங்கும் முன்பே கூறப்பட்ட எச்சரிக்கை இது.

மூக்கடைத்த ஒவ்வொரு முறையும் பழைய சீட்டைக் காட்டி ஆன்டிபயாடிக் வாங்குவதும், இரண்டு நாளில் நலமாகத் தோன்றியதும் எஞ்சிய மாத்திரைகளை எடுத்துவைத்து வீட்டில் வேறொருவருக்குக் கொடுப்பதும் நம் இல்லங்களில் காணக்கூடியவையே. பராமரிப்பாளராகிய நீங்கள் இதனைத் தடுக்க இயலும். ஆன்டிபயாடிக் ஏன் எழுதப்பட்டது, எத்தனை நாளுக்கு என்று மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பெனிசிலினால் முன்பு உடலில் தடிப்பு, மூச்சுத் திணறல் முதலியன ஏற்பட்டிருந்தால் அதனை ஒவ்வொரு முறையும் நினைவூட்டுங்கள்.

அவருக்குப் பின்

ஃபிளெமிங் 1944 இல் சர் பட்டம் பெற்றார். மனைவி சாரா 1949 இல் மறைந்தார். 1953 இல், உடன் ஆய்வு செய்த கிரேக்க மருத்துவர் அமாலியாவை மணந்தார். 1955 மார்ச் 11 அன்று மாரடைப்பால் லண்டனில் காலமானார். அவருடைய சாம்பல் புனித பவுல் பேராலயத்தில் வைக்கப்பட்டுள்ளது.

அவர் காலத்தில் மருந்துக்கு அடங்காத கன்னச் சைனஸ் நோய்க்குக் கால்டுவெல்-லூக் என்னும் அறுவை முறை வழக்கில் இருந்தது. மேல் உதட்டின் உட்புறம் கீறி, எலும்பில் துளையிட்டு, நோயுற்ற சவ்வை உரித்தெடுத்து, மூக்கின் கீழ்ப்பகுதியில் ஒரு புதிய வாயில் அமைப்பார்கள். ஆயினும் நுண்மயிர்கள் அப்புதிய வாயிலைப் பொருட்படுத்துவதில்லை. சளியை இயற்கை வாயிலை நோக்கியே தள்ளுகின்றன. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் வால்டர் மெசர்கிளிங்கர் என்னும் மருத்துவர் இச்சளி ஓட்டப் பாதைகளை எண்டோஸ்கோப்பின் துணையுடன் விரிவாக ஆராய்ந்தார். அதன் பயனாக 1980களில் எண்டோஸ்கோப் வழிச் சைனஸ் அறுவை சிகிச்சை உலகெங்கும் பரவியது.

இன்று உங்களுக்குப் பரிந்துரைக்கப்படுவது பெரும்பாலும் இதுவே. மயக்க மருந்து கொடுத்து, மூக்குத் துவாரங்கள் வழியாகவே செய்யப்படுகிறது. முகத்தில் வெட்டுத் தழும்பு இராது. இயற்கை வாயில்களை அகலப்படுத்துவதும், தடையாக உள்ள சதை வளர்ச்சியை அகற்றுவதும் அதன் பணி. தேவையான காலம் மருந்து பயன்படுத்தியும் பலன் இல்லாதபோதுதான் பொதுவாக இது முன்வைக்கப்படுகிறது. சி.டி. ஸ்கேன் முன்னதாக எடுக்கப்படுவது, கண்குழிக்கும் மூளையின் அடித்தளத்திற்கும் மிக அருகில் கருவி செல்வதனால் ஆகும். இரத்தக் கசிவு, கண் பாதிப்பு, மூளை நீர்க் கசிவு ஆகியவை நேரக்கூடியவை, பின்னிரண்டும் அரிது. இரத்தத்தை நீர்மையாக்கும் மருந்து உட்கொள்பவர்களும், ஆஸ்பிரின் போன்ற வலிநிவாரணியால் மூச்சுத்திணறல் வந்தவர்களும் அதனை முன்பே கூற வேண்டும். ஆஸ்துமா, ஆஸ்பிரின் ஒவ்வாமை, மூக்கில் சதை வளர்ச்சி மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருக்கும்போது நோய் திரும்பும் வாய்ப்பு மிகுதி.

அறுவைக்குப் பின் மூக்கைச் சிந்துவதையும் கனமான பொருள் தூக்குவதையும் மருத்துவர் கூறும் வரை தவிர்க்க வேண்டும். குனியும்போது ஒரு பக்க மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டினால் உடனே தெரிவியுங்கள். இனி மருந்து வேண்டியதில்லை என எண்ணித் தெளிப்பானையும் உப்புநீர்க் கழுவலையும் கைவிடுவது பலர் செய்வது. சளிச்சவ்வின் அழற்சியை அறுவை அகற்றுவதில்லை. அடைபட்டிருந்த வாயிலைத் திறந்து, ஃபிளெமிங்கின் கண்ணாடிக் குழாயில் மருந்து எட்டாதிருந்த கிளைகளுக்கு ஒப்பான இடங்களுக்கு அதனைக் கொண்டுசேர்க்கிறது. உண்மையில், திறந்த வாயில்கள் வழியே உப்புநீரும் மருந்தும் உள்ளே நன்கு சேர்வது இதற்குப் பிறகே. குணமாகும் வாரங்களில் மருத்துவர் மூக்கினுள் படிந்த பொருக்குகளை எண்டோஸ்கோப் மூலம் அகற்றுவார், அந்நாள்களைத் தவறவிடாதீர்கள். பின்னர் வாசனை உணர்வு மீண்டும் குறையத் தொடங்கினால், அடைப்பு முற்றும் வரை காத்திராமல் காது-மூக்கு-தொண்டைப் பிரிவுக்குச் சென்று காட்டுங்கள்.